தொலைவிலிருந்து மனநோய்ச் சிகிச்சை: நோயாளியின் அருகிலுள்ள செவிலியரின் பணி

மனநோய்ச் சிகிச்சையில் மருத்துவருக்குக் கைகொடுக்கும் உபகரணங்கள் மிகச் சிலவே. இருதய நோயை அறிய மின்வரைபடம் உண்டு. நுரையீரல் நோயை அறிய எக்ஸ்-கதிர்ப் படம் உண்டு. மனநோயிலோ நோயாளியின் பேச்சு, முகக்குறி, நடை, உடை, அவர் அமரும் முறை, உடன் வந்தவர் கூறும் வரலாறு ஆகியவையே பெரும்பாலும் சான்றுகளாகின்றன. இவற்றுள் பேச்சையும் முகத்தையும் தொலைவிடங்களுக்கு அனுப்ப இயலும். ஆதலால் மருத்துவத்தின் ஏனைய பிரிவுகளைக் காட்டிலும் இப்பிரிவே தொலைமருத்துவத்திற்கு மிகவும் ஏற்றது எனக் கருதப்படுகிறது. இக்கருத்து பெரும்பாலும் சரியே. எனினும், நோயாளியின் நடை, கைகால்களின் விறைப்பு, மூச்சில் வீசும் மதுவாடை, வீட்டில் உண்ணப்படாமல் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகள் ஆகியன திரையில் தெரிவதில்லை. அவற்றைக் காண்பவர் யார், கண்டவற்றை மருத்துவரிடம் சேர்ப்பவர் யார் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

தில்லியின் நிலை

தில்லி நகரின் கிழக்கே, யமுனைக்கு அப்பாலுள்ள ஷாதராவில் 1966-இல் மனநோய் மருத்துவமனை ஒன்று நிறுவப்பட்டது. அங்கு நோயாளிகள் நடத்தப்பட்ட முறை குறித்து உச்சநீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கின் பயனாக அம்மருத்துவமனை முற்றிலும் மாற்றியமைக்கப்பட்டது. 1993 முதல் அது மனித நடத்தை மற்றும் அதனைச் சார்ந்த அறிவியல்களுக்கான நிலையமாக இயங்கி வருகிறது. மக்கள் அதனை ‘இப்ஹாஸ்’ என்ற சுருக்கப்பெயராலேயே அறிவர். தென்மேற்குக் கோடியிலுள்ள நஜஃப்கட்டிலிருந்து ஒருவர் ஷாதரா செல்ல வேண்டுமாயின் நகர் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும். நோயாளி தினக்கூலியாளராயின் அன்றைய கூலி போகும். அவரைத் தனியே அனுப்ப இயலாது என்பதால் உடன் செல்பவரின் கூலியும் போகும். மாதந்தோறும் இவ்வாறு செல்ல வேண்டிய குடும்பம், நோயாளி சிறிது தேறியதும் செல்வதை நிறுத்திவிடுவதில் வியப்பில்லை. நோய் திரும்புவதும் பெரும்பாலும் அப்போதே.

2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்றுக் கூடுதலானோர், அதாவது 10.6 விழுக்காட்டினர், அவ்வேளையில் ஏதேனும் ஒரு மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தனர். சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதோரின் விகிதம் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. தமிழ்நாடு அப்பன்னிரண்டில் ஒன்று. தில்லி அதில் சேர்க்கப்படவில்லை. நாட்டில் இலட்சம் பேருக்கு ஒரு மனநோய் மருத்துவர்கூட இல்லை என்பதையும், இருப்போரும் பெருநகரங்களிலேயே குழுமியுள்ளனர் என்பதையும் இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும். பெருநகரமாகிய தில்லியிலேயே ஒரு குடும்பத்திற்கு மருத்துவமனை எட்டாத் தொலைவாகுமாயின், சிற்றூர்களின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

முறை வளர்ந்த வரலாறு

இம்முறை இணையத்தோடு பிறந்ததன்று. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஓமாஹா நகர மனநோய் நிலையத்தைச் சேர்ந்த செசில் விட்சன் என்னும் மருத்துவர் 1959-இலேயே இருவழித் தொலைக்காட்சி மூலம் கற்பித்தலையும் குழுச் சிகிச்சையையும் நடத்தினார். 1964-இல் அந்நிலையம் 112 மைல் தொலைவிலுள்ள நார்ஃபோக் மனநோய் மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டது. இம்முறையின் பயன் நேர்ச் சந்திப்புக்கு ஈடாகுமா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. கனடாவின் ஆண்டாரியோ மாகாணத்தில் 495 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நேரிலும் மறுபிரிவினரைக் காணொளி மூலமும் சோதித்து நடத்திய ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றனர். காணொளி முறையில் செலவு சிறிது குறைந்தது.

இந்திய அனுபவத்தில் கள ஊழியர் ஊன்றி நோக்கத் தக்கது புதுக்கோட்டை மாவட்டப் பணியாகும். சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் நிறுவிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிலையம், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் தொலைமனநலப் பணியில் இறங்கியது. 2010 முதல் புதுக்கோட்டையில் ஒரு பேருந்தையே ஆலோசனை அறையாக மாற்றி அந்நிலையம் ஊர் ஊராக அனுப்பலாயிற்று. நோயாளி பேருந்தினுள் அமர்வார். மருத்துவர் சென்னையிலிருந்து திரை வழியே பேசுவார். மருந்து அப்பேருந்திலேயே இலவசமாக வழங்கப்படும். பேருந்தும் திரையும் பார்ப்போர் கருத்தை எளிதில் கவரும். ஆயினும் அத்திட்டம் நிலைத்து நின்றதற்குக் காரணம், அவ்வூர்களிலேயே வாழ்ந்து, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டறிந்து, வராதவரைத் தேடிச் சென்ற பயிற்சி பெற்ற ஊழியர்களே. கருவியை விலைகொடுத்து வாங்கிவிடலாம். இத்தகைய ஊழியரை உருவாக்கவோ காலம் தேவை.

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மார்ச் 25 அன்று மைய அரசு தொலைமருத்துவ நடைமுறை விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டில் பெங்களூர் தேசிய மனநல நரம்பியல் நிலையமாகிய நிம்ஹான்ஸ், இந்திய மனநோய் மருத்துவச் சங்கம் முதலியவற்றுடன் சேர்ந்து மனநோய்ச் சிகிச்சைக்கென்றே தனி வழிகாட்டி ஒன்றைத் தயாரித்தது. 2022 அக்டோபர் 10 அன்று ‘டெலி-மானஸ்’ என்னும் தேசியத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பெற்றது. அதன் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அழைப்பவர் தம் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழும் அவற்றுள் ஒன்று. முதல் நிலையில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்படின் அழைப்பு மனநலச் செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர், மருத்துவர் ஆகியோருள் உரியவரிடம் மாற்றப்படும். அதற்கும் அடுத்த நிலை, மாவட்ட மனநலத் திட்டத்திலோ மருத்துவக் கல்லூரியிலோ நேரில் காண்பதாகும். இந்த அடுக்குமுறையில் செவிலியருக்கு அளிக்கப்பட்டுள்ள இடம் கருதத் தக்கது.

செவிலியரின் எல்லை

மனநலச் செவிலியப் பணி காவலும் பணிவிடையும் மட்டுமே என்ற பழைய எண்ணத்தை மாற்றியவர்களுள் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லௌ முதன்மையானவர். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று அவர் 1952-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 1965-இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற மருத்துவரும் உயர்நிலைச் செவிலியருக்கான தனிப் பயிற்சியைத் தொடங்கினர். அவ்வழியில் வந்த உயர்பயிற்சி மனநலச் செவிலியர் அமெரிக்காவில் நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் உரிமை பெற்றுள்ளனர். சில மாநிலங்களில் மருத்துவரின் மேற்பார்வையுடனும், பலவற்றில் அதுவின்றியும் இவ்வுரிமை செல்லும். திரை வழியே நோயாளியைக் கண்டு, மருந்து எழுதி, மீண்டும் காணும் முழுப் பணியையும் அங்கு செவிலியர் ஒருவரே செய்வது சாதாரணம். இதனால் மருத்துவர் இல்லாத வட்டாரங்கள் மிகுந்த பயன் பெற்றன. அதேவேளையில், வணிக நோக்குடன் நடந்த சில நிறுவனங்கள் குறுகிய நேரச் சந்திப்பிலேயே ஊக்க மருந்துகளைத் தாராளமாக எழுதித் தந்ததாகக் குற்றம் எழுந்து, 2022 முதல் அரசின் விசாரணைக்கு உள்ளாயின.

இந்தியாவில் நிலை வேறு. 1946-இல் தில்லியில் நிறுவப்பட்டு, பின்னர் ராஜகுமாரி அம்ரித் கௌரின் பெயரைப் பெற்ற செவிலியர் கல்லூரி 1959-இல் நாட்டின் முதல் முதுநிலைச் செவிலியப் படிப்பைத் தொடங்கியது. நிம்ஹான்ஸின் முன்னோடியான பெங்களூர் அகில இந்திய மனநல நிலையம் அந்தப் பத்தாண்டுகளிலேயே மனநலச் செவிலியருக்குப் பட்டயப் பயிற்சி அளிக்கலாயிற்று. ஆகவே பயிற்சிக்குப் பஞ்சமில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநலச் செவிலியரைத் தனியே வரையறுத்து அங்கீகரிக்கிறது. ஆனால் தொலைமருத்துவ விதிகளின்படி மருந்து எழுதும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கே உண்டு. மருத்துவரும்கூட எல்லா மருந்துகளையும் தொலைவிலிருந்து எழுத இயலாது. சில மருந்துகளை முதற் சந்திப்பிலேயே எழுதலாம், ஆனால் அச்சந்திப்பு காணொளி வழியாக இருத்தல் வேண்டும். சிலவற்றை முன்னரே நேரில் கண்ட நோயாளிக்குத் தொடர் மருந்தாக மட்டுமே எழுதலாம். மருந்துச் சட்டத்தின் ‘எக்ஸ்’ அட்டவணையிலுள்ளவற்றை எழுதவே கூடாது. மேலே கூறிய ஊக்க மருந்துகளுள் ஒன்றான மெதில்பெனிடேட் இந்த அட்டவணையில் அடங்கும். ஆதலின் அமெரிக்காவில் நேர்ந்த அத்தவறு இங்கு அதே வடிவில் நேர்வதற்கு இடமில்லை.

செவிலியருக்கு மருந்து எழுதும் உரிமை இங்கும் வேண்டுமா என்பது விவாதத்திற்குரிய செய்தி. அதனை இங்கே ஆராயப் புகுதல் தேவையில்லை. கள ஊழியருக்கு உடனடியாக வேண்டுவது, அவ்வுரிமை இல்லாத நிலையிலும் அவர் பொறுப்பு எவ்வளவு பெரிதென்பதை உணர்தலே. திரைக்கு அப்பாலுள்ள மருத்துவரின் கண்ணும் கையும் அவரே. அவர் காணத் தவறியதை மருத்துவர் காண வேறு வழியில்லை.

திரை மறைப்பவை

நாட்பட்ட மனச்சிதைவு நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கி இரு வாரமாகிறது. திரையில் அவருடைய மார்புக்கு மேற்பட்ட பகுதியே தெரிகிறது. அவர் அடிக்கடி அசைகிறார், எழ முயல்கிறார், கேள்விகளுக்கு எரிச்சலுடன் விடையளிக்கிறார். நோய் தணியவில்லை, மருந்தைக் கூட்ட வேண்டும் என்று தொலைவிலுள்ள மருத்துவருக்குத் தோன்றுவது இயல்பு. அருகிலிருக்கும் செவிலியர் அவருடைய கால்களை நோக்கினாரானால், அவை ஓயாமல் இடம் மாறி மிதித்துக்கொண்டிருப்பதைக் காண்பார். உட்கார இயலாத இத்தவிப்பு நோயின் வேகத்தால் எழுந்ததன்று, மருந்தின் பக்கவிளைவே. மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். செவிலியர் இங்கு செய்ய வேண்டுவது எளிது: கருவியைப் பின்னுக்கு நகர்த்தி, நோயாளியின் பாதம் வரை திரையில் விழச் செய்தல், அவரை ஐந்தாறு அடி நடக்கச் செய்து காட்டுதல், “உள்ளுக்குள் ஏதோ உந்துவது போலிருக்கிறதா?” என்று கேட்டு விடையைக் கூறுதல். பின்னர், நோயாளியின் முழங்கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்து, பற்சக்கரம் சுழல்வது போல் தசை விட்டுவிட்டு இளகுகிறதா என்பதையும் சொல்ல வேண்டும். இதனைத் தொடுகையாலன்றி அறிய இயலாது.

அதே நோயாளிக்குக் கடும் விறைப்புடன் காய்ச்சலும் குழப்பமும் கண்டால் அது அவசர நிலை. தில்லியில் மே, ஜூன் மாதங்களில் ‘லூ’ என்னும் வெப்பக்காற்று வீசும் காலத்தில், இக்காய்ச்சலை வெப்ப நோயென்று எண்ணி வீட்டிலேயே ஈரத்துணி போட்டுக்கொண்டிருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டுள் எதுவாயினும் இடம் மருத்துவமனையே. அங்குச் செல்லும்போது நோயாளி உண்ணும் மருந்துகளின் அட்டையை உடன் அனுப்ப வேண்டும்.

கோடைக்காலத்தில் இன்னொரு மருந்தும் கவனத்திற்குரியது. உணர்ச்சி ஏற்ற இறக்க நோய்க்கு அளிக்கப்படும் லித்தியம், பயன் தரும் அளவுக்கும் தீங்கு விளைக்கும் அளவுக்கும் இடையே குறுகிய வெளியே உடையது. இரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்குச் சுமார் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது தொடர் சிகிச்சைக்கு ஏற்றது, 1.5-ஐத் தாண்டினால் நச்சு நிலை தோன்றக்கூடும். சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறத்தாழ ஒரே வகையிலேயே நடத்துகிறது. மிகுதியாக வியர்த்தோ வயிற்றுப்போக்காலோ உடலில் நீரும் உப்பும் குறையுமாயின், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்க முனைகையில் லித்தியத்தையும் சேர்த்தே பிடித்துவைக்கும். வெயில் 45 பாகை செல்சியஸைத் தொடும் நாளில் கட்டட வேலை செய்யும் நோயாளி, மாத்திரையை ஒன்றுகூட மிகையாக உண்ணாமலேயே நச்சு நிலையை அடையக்கூடும். உடல் வலிக்கென்று மருந்துக் கடையில் தாமே வாங்கி உண்ணும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும், இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில மருந்துகளும் இவ்வளவை உயர்த்தும். நோயாளி அவற்றை “மனநோய் மருந்து அல்லவே” என்று கருதி மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுவார். வேறென்ன மாத்திரை உண்கிறீர் என்று கேட்பதோடு நில்லாமல், வீட்டிலுள்ள மாத்திரைப் பட்டைகளை எல்லாம் கொணரச் செய்து பார்க்கும் செவிலியரே இதனை வெளிக்கொணர்வார்.

விரல்களில் மெல்லிய நடுக்கம் லித்தியம் உண்போரிடம் வழக்கமாகவே காணப்படலாம். நடுக்கம் பெரிதாதல், நடை தள்ளாடுதல், நாக்குழறல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மிகு தூக்கம் ஆகியவை அபாயக் குறிகள். இவற்றைக் கண்டால் அடுத்த கலந்தாய்வு நாள் வரை காத்திருத்தலாகாது; அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்குமுன் மருத்துவரை அழைத்து, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கும் ஒரு நியதி உண்டு. கடைசி வேளை மருந்துண்டு பன்னிரண்டு மணி நேரம் கழித்தே இரத்தம் எடுக்கப்பட வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை உண்டவருக்குக் காலை ஒன்பது மணிக்கு, காலை மாத்திரை உண்ணுமுன், எடுக்க வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தவரிடம் எடுத்த இரத்தத்தின் அளவு உயர்ந்தே காட்டும். அதனை நம்பி மருந்து குறைக்கப்பட்டால் நோய் திரும்பும். தவறு சோதனைக் கூடத்தில் நேர்ந்ததன்று. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேளாமையால் நேர்ந்தது.

கருவியே ஏற்படுத்தும் மயக்கங்களும் உள. மனச்சோர்வு நோயாளி விடையளிக்கத் தாமதிப்பார். இணைப்பு மெதுவாயிருப்பின் நலமுள்ளவரின் விடையும் தாமதித்தே வரும். இரண்டையும் மருத்துவர் பிரித்தறிய மாட்டார். நோயாளி திரையிலுள்ள மருத்துவரின் முகத்தையே நோக்கிப் பேசினாலும், படக்கருவி திரைக்கு மேலே இருப்பதால், அவர் கண்ணைத் தாழ்த்திப் பேசுவதாக மறுமுனையில் தோன்றும். பார்வையைத் தவிர்த்தல் ஒரு நோய்க்குறியாகக் கொள்ளப்படும் துறையில் இது சிறு செய்தியன்று. “கேள்வி இங்கு வந்து சேர்ந்த உடனே விடையளித்தார்” என்றோ “கேள்வியைக் கேட்டபின் நெடுநேரம் பேசாதிருந்தார்” என்றோ செவிலியர் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் ஐயம் தீரும்.

ஒற்றையறை வீட்டில் தனிமை

மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளை மறைவாக வைக்கும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. தில்லியின் நெருக்கமான குடியிருப்புகளில் இவ்வுரிமையை எங்ஙனம் காப்பது? அறை ஒன்று, அதில் வாழ்வோர் அறுவர், கைபேசியும் ஒன்றே, அதுவும் கணவரிடமோ மகனிடமோ இருப்பது. மாமியார் அருகில் அமர்ந்திருக்க மருமகள் தன் துயரைக் கூற மாட்டாள். “நன்றாக இருக்கிறேன்” என்ற விடையே வரும். அது குறிப்பேட்டில் நலமென்று பதிவாகும். தொலைச் சிகிச்சையில் நிகழும் தவறுகளுள் மிகுதியாக மறைந்து கிடப்பது இதுவே எனலாம்.

கலந்தாய்வை வீட்டில் நடத்தாமல் நலவாழ்வு நிலையத்திலோ பள்ளியின் ஓர் அறையிலோ நடத்துவது ஒரு வழி. வீட்டிலேயே நடத்த நேர்ந்தால், தொடக்கத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடை மட்டும் போதுமான கேள்விகளைக் கேட்கலாம்: இப்போது பேச்சைப் பிறர் கேட்கிறார்களா, வேறு வேளையில் பேசுவது நலமா என்பன போன்றவை. காதொலிக் கருவி ஒன்று கையிலிருந்தால் மருத்துவரின் பேச்சேனும் பிறர் செவியில் விழாது. கலந்தாய்வை நோயாளி தாமே தொடங்கினால் அவருடைய இசைவு அதிலேயே அடங்கும். ஊழியர் தொடங்கினால் வெளிப்படையான இசைவைப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. இசைவைக் குடும்பத்தலைவரிடம் கேட்டுப் பெறும் வழக்கம் பரவலாயிருப்பினும், வயதுவந்த நோயாளியின் இசைவுக்கு அது ஈடாகாது.

இதனால் குடும்பத்தை ஒதுக்கிவிட வேண்டுமென்பதில்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்து, அவர்களுக்கு நோயின் தன்மையை விளக்கி, பராமரிப்பில் பங்கு கொடுத்தார். இந்திய மனநல மருத்துவத்தின் சிறந்த பங்களிப்புகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. முதலில் நோயாளியுடன் தனியே, பின்னர் அவர் இசைவுடன் குடும்பத்தாருடன் என்று நேரத்தைப் பகுத்துக்கொண்டால் இரு நோக்கங்களும் நிறைவேறும்.

சிறுவரைப் பொறுத்தவரை, வயதுவந்த ஒருவர் உடனிருந்தாலன்றிக் கலந்தாய்வு நடத்தலாகாது. இங்கு ஆசிரியரின் உதவி பெரிது. “சரியாகப் படிப்பதில்லை” என்ற குறிப்பால் மருத்துவருக்குப் பயன் சிறிதே. எந்த மாதத்திலிருந்து மாற்றம் கண்டது, முன்பு எவ்வாறிருந்தான், உணவு இடைவேளையில் யாருடன் இருக்கிறான், எந்தப் பாடவேளையில் உறங்குகிறான், எந்நாட்களில் வரவில்லை என்று தேதியுடன் எழுதிய அரைப்பக்கம், அரைமணிப் பேச்சைவிட அதிகம் கூறும். நோயின் பெயரை ஆசிரியர் எழுத வேண்டியதில்லை, எழுதாதிருத்தலே நன்று.

அபாய அழைப்பு

தொலைபேசியின் மறுமுனையிலிருப்பவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பின், நேரில் காண்பதற்கும் தொலைவில் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் வெளிப்படும். மருத்துவமனையில் அவரை அமரச் செய்து கதவருகில் ஒருவரை நிறுத்தலாம். இங்கோ இணைப்பு அறுந்தால் யாவும் அறும். ஆகவே எந்த அழைப்பிலும், அபாயம் இருப்பதாகத் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், முதற்கண் அழைப்பவர் இருக்குமிடம், மாற்றுத் தொலைபேசி எண், அருகிலுள்ள ஒருவரின் பெயர் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுதல் நல்ல பழக்கம். தில்லியின் பல குடியிருப்புகளில் வீட்டு எண்ணைக் கொண்டு வீட்டைக் காண இயலாது. நியாயவிலைக் கடை, வழிபாட்டிடம், மின்கம்பத்தில் எழுதியுள்ள எண் போன்ற அடையாளங்களைக் கேட்க வேண்டும்.

“உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?” என்று நேராகக் கேட்க ஊழியர் பலர் தயங்குகின்றனர். கேட்பதால் இல்லாத எண்ணம் உண்டாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். ஆராய்ச்சிகள் இதனை ஆதரிக்கவில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் மனப்பாரம் குறைந்ததாகவே உணர்கிறார். எண்ணம் உண்டு என்றால், அது எப்போதாவது வந்து போகிறதா, அதற்கு ஏற்பாடு ஏதேனும் செய்யப்பட்டுள்ளதா, முன்பு முயன்றதுண்டா என்பவற்றை அமைதியாகக் கேட்க வேண்டும். ஏற்பாடு செய்திருப்பவரைத் தனியே விடக்கூடாது. பேச்சை நிறுத்தாமல், அருகிலுள்ளவரை வேறொரு தொலைபேசியால் வரவழைத்து, மாத்திரைகளையும் பூச்சிமருந்து போன்றவற்றையும் அவர் கைக்கு எட்டாதபடி அகற்றச் செய்து, அவசர உதவிக்கு 112 எண்ணை அழைக்க வேண்டும். அறிவுரை கூறுவதற்கும், கடமையை நினைவூட்டுவதற்கும், பிறருடைய துன்பத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவதற்கும் இது வேளையன்று.

குடும்பத்தார் உதவியை மறுப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் கூறப்படும்: காவல்துறை வழக்குப் போடும் என்பது. இவ்வச்சத்தால் காப்பாற்றப்பட்டவர்களுங்கூடச் சிகிச்சையின்றி வீட்டிலேயே வைக்கப்படுகின்றனர். சட்டம் மாறிவிட்டதைக் கள ஊழியர் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவரென்றே கொள்ளப்பட வேண்டும், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர் தண்டிக்கப்படலாகாது என்று கூறி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் பொறுப்பை அரசின் மேல் வைத்தது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவ்வடிவில் இடம்பெறவில்லை; அரசு ஊழியரைத் தம் கடமையினின்று தடுக்கும் நோக்குடன் செய்யும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாக உள்ளது.

கலந்தாய்வுக்குப் பின்

மருத்துவரின் முகம் திரையிலிருந்து மறைந்தபின் செவிலியரின் பணியில் பாதி தொடங்குகிறது. மருந்துச் சீட்டு கைபேசியில் படமாக வந்திருக்கும்; நோயாளி எழுத்தறியாதவராயிருக்கலாம், அல்லது கைபேசி மாலையில் மகனுடன் வெளியே சென்றுவிடலாம். எந்த மாத்திரை எவ்வேளையில் என்பதைக் காகிதத்தில் எழுதி, சூரியன், நிலவு போன்ற குறிகள் இட்டுக் கொடுக்கலாம். பின் நோயாளியையே திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும், “புரிந்ததா?” என்று கேட்டால் எவரும் “ஆம்” என்றே சொல்வர். மனச்சோர்வு மருந்துகள் பயன் தர இரண்டு முதல் நான்கு வாரமாகும் என்பதை முதல் நாளிலேயே சொல்லாவிட்டால், ஐந்தாம் நாளில் மாத்திரை நிறுத்தப்பட்டிருக்கும்.

அடுத்த வருகையில் மிச்ச மாத்திரைகளை எண்ண வேண்டும். முப்பது கொடுத்து இருபத்தெட்டு நாள் சென்றபின் பன்னிரண்டு மிஞ்சியிருந்தால், பத்து வேளை தவறியுள்ளது. இதனைக் குற்றமாகக் கேளாமல், எந்நாட்களில் இயலாமற் போயிற்று என்று கேட்டால் காரணம் வெளிவரும்: பகலில் தூக்கம் வந்து வேலைக்குச் செல்ல இயலவில்லை என்பது ஒன்று, ஊருக்குச் சென்றபோது உறவினர் காணக்கூடாதென மறைத்தது மற்றொன்று. முதலாவதற்கு மருத்துவர் வேளையை மாற்றித் தரலாம். இரண்டாவதற்குச் செவிலியரும் நோயாளியும் சேர்ந்தே வழி காண வேண்டும். எடை, இரத்த அழுத்தம், ஓலான்ஸபின் போன்ற மருந்து உண்பவராயின் இரத்தச் சர்க்கரை, இவற்றுடன் எண்ணிய மாத்திரைக் கணக்கும் அட்டையில் பதிவாகி, அடுத்த கலந்தாய்வுக்கு முதல் நாளே மருத்துவருக்கு அனுப்பப்படும். அட்டையின் கீழ்ப்பகுதியில் அடுத்த நாளும் நேரமும், லித்தியம் உண்பவராயின் இரத்தம் எடுக்க வேண்டிய காலை வேளையும், 14416 என்ற எண்ணும் எழுதப்பட்டு, அட்டை நோயாளியிடமே தரப்படும்.